மார்கழியில் வந்து பார்க்கவும்

என் நாட்குறிப்பில், ஒரு கார்த்திகை மாதம், தீபத்துக்கு மறுநாள் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வானம் வெளுத்துவிட்டது. ஊர் முழுக்க வெயில். அம்மாவின் தோட்டத்தில் மட்டும் இல்லை. கண்டது."

கடைசிச் சொல் என் பழக்கம். நேரில் பார்த்ததற்கு முடிவில் 'கண்டது' என்றும், பிறர் சொன்னதற்குக் 'கேட்டது' என்றும் போட்டுவிடுவேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முத்திரை இல்லாத எதையும் நம்பக் கைவராது. தேர் நிலைக்கு வந்த பொழுது, வேகவதியில் தண்ணீர் ஓடிய நாள், தெருவில் எந்த வீட்டு வேம்பு எப்போது சாய்ந்தது என்று யாருக்கும் பயன்படாத செய்திகளை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றுக்கு நடுவில் அண்டை வீட்டு அம்மா ஒருவரைப் பற்றிய வரிகள் சிதறிக் கிடக்கின்றன. பெயர் வேண்டாம். வீட்டுத் தரகர்களுக்கு அவர் பெயர் தெரியாது. அவர்கள் வைத்த பெயர் 'வெயிலம்மா'.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில், எதிர் வரிசை வீடு ஒன்றின் பின்கட்டில் அவரும் கணவரும் வாடகைக்கு இருந்தார்கள். குழந்தை இல்லை. அந்த வரிசை வீடுகளுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பின்கட்டில் பகலிலும் விளக்கு எரியும்.

அம்மாவுக்குக் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் வேலை. அங்கும் வெயில் எட்டிப் பார்க்காது. குளிரூட்டிய கூடம், மேலே வரிசை வரிசையாக விளக்குகள். ஆனால் அம்மாவிடம் புடவை பார்த்தவர்கள் யாரும் அந்த விளக்கில் முடிவு செய்ததில்லை. பிடித்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாங்க வந்தவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போய்விடுவார்.

முதலாளிக்கு இது பிடிக்காது. "உள்ள இத்தன லைட்டு போட்டு வெச்சிருக்கறேன், நீ இன்னாம்மா வாசலுக்கு இஸ்துக்கினு போற?"

"கட்டிக்கினு போறவங்க மண்டபத்துக்கு உள்ளயேவா இருக்கப் போறாங்க முதலாளி? வெளிய வருவாங்க இல்ல?"

என் இளைய மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நாங்கள் போயிருந்தபோது, என் மனைவி ஆசையாக எடுத்த ஒன்றை வாசலில் விரித்துப் பார்த்துவிட்டு அம்மாவே மடித்து வைத்தார். "வேணாம்மா. உள்ள இருக்கறவரைக்கும் மாம்பழ மஞ்சளு. வெளிய வந்தா மஞ்சக்காமால." பக்கத்தில் நின்ற முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். இது கண்டது. அம்மாவை அவர் வேலையை விட்டு அனுப்பாததற்குக் காரணம், அவர் கையால் வாங்கிப் போனவர்கள் அடுத்த கல்யாணத்துக்கும் அவரைத் தேடி வந்ததுதான். இது கேட்டது.

எதையும் அது இருக்கப் போகும் இடத்தில் வைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார். செருப்புக் கடையில் புதுச் செருப்போடு தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்புவார். கடைக்காரன் பின்னாலேயே ஓடுவான். கணவருக்குச் சக்கர நாற்காலி வாங்கியபோது முதலில் தானே அதில் உட்கார்ந்து ஒரு வேளைச் சோறு சாப்பிட்டார்.

கணவர் நெசவாளி. பெரிய கரைப் புடவைகள் நெய்தவர், வாய் ஓயாமல் கேலி பேசுகிறவர். "பட்டுக்கும் வெயிலுக்கும் ஜென்மப் பகை சார்" என்பார். எங்கள் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டும் நாட்களில் விடியும் முன்பே இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் இழை முறுகி அறும், சாயம் வெளிறும். சூரியன் தெருமுனைக்கு வருவதற்குள் நூலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். பிறகு நாள் முழுக்கத் தறிக்குழி. வாழ்நாள் முழுவதும் வெயிலுக்குத் தப்பி ஓடிய மனிதர் அவர்.

ஒரு மார்கழியில் அவருக்கு வாதம் வந்து இடது கையும் காலும் போயின. பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் கேலி போகவில்லை. மருத்துவமனையில் உள்ளே இடமில்லாமல் வராந்தாவில் படுக்கை போட்டிருந்தார்கள். காலை வெயில் சாய்வாக வந்து அவர் மேல் விழும். முறுக்கிக்கொண்டு மூடியிருந்த இடது கையை அம்மா அந்த வெயிலில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சுண்டு விரலும் மோதிர விரலும் திறந்தனவாம்.

"தாப்பாள் விட்டுக்கின மாதிரி விட்டுக்கிச்சு சார். எங் கண்ணால பாத்தேன்."

மருத்துவர் சொன்னது பயிற்சி. அம்மாவின் காதில் விழுந்தது வெயில். வீட்டுக்கு வந்த பிறகு பின்கட்டு இருட்டில் கை மறுபடி மூடிக்கொண்டது. கோடையில் கொஞ்சம் தளரும். பனி தொடங்கினால் இறுகும். இறுகினால் நகங்கள் உள்ளங்கையில் பதிந்து புண்ணாகும். துணியைச் சுருட்டி உள்ளே திணித்து வைப்பார்.

தெருவில் வெயில் இல்லையா என்று கேட்கலாம். தெருவில் உட்காரக் கணவர் ஒப்பவில்லை. அந்த ஒன்றில் மட்டும் கேலி கிடையாது. "இந்தத் தெருவே எங் கையப் பாத்துத் தொழில் கத்துக்கிச்சு. இப்ப அது தொங்கறதப் பாக்கணுமா? செத்தப்பறம் வெளிய வை, இப்ப வெக்காத."

ஆக அம்மாவுக்கு வேண்டியது இதுதான்: பின்னால் நாலு சுவருக்குள் ஒரு தோட்டம், அதில் யாரும் பார்க்காத வெயில், அதுவும் பனிக்காலத்து வெயில். தறியை விற்றார். கழுத்தில் இருந்ததையும் விற்றார். வீடு பார்க்கத் தொடங்கினார்.

அவருக்கு வீடு காட்டியவர் ஒரு பாய். அப்பா காலத்தில் ஜரிகை வியாபாரம். இவர் காலத்தில் ஆட்டோ, ஆட்டோவோடு சேர்த்து வீட்டுத் தரகு. பொறுமைசாலி. அவருடைய பொறுமை எல்லாம் அந்த வருடங்களில் தீர்ந்தது என்று அவரே சொல்வார்.

அம்மா வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறை பார்க்க மாட்டார், கிணறு பார்க்க மாட்டார். நேரே பின்பக்கம். பையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துக் குழாயில் நனைத்துப் பிழிவார். ஒன்றை நிழலில் போடுவார், ஒன்றை வெயிலில். காற்றில் காய்கிறதா, வெயிலில் காய்கிறதா என்று தெரிய வேண்டுமாம். பிறகு கையோடு கொண்டுவந்த முக்காலியைப் போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார்.

"ஏம்மா, வூடு வாங்க வந்தியா, துணி காய வெக்க வந்தியா?" என்று ஒரு வீட்டுக்காரி கேட்டாள்.

"ரெண்டுக்கும்தான்மா. கொஞ்சம் தள்ளிக்கோ, உன் நெழலு விழுது."

என்னிடம் ஒரு முறை விளக்கினார். "வெயிலக் கண்ணால பாக்கக் கூடாது சார். கண்ணு ஏமாந்துடும், வெளிச்சத்தையே வெயில்னு சொல்லிடும். முதுகால பாக்கணும்."

சின்னக் காஞ்சிபுரம் பக்கம் ஒரு வீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. முன்பணம் கொடுக்கப் போகும் நாளில் அம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். நடந்ததைப் பாய் நடித்தே காட்டினார்.

"அண்ணே, மேல மாடி எடுக்கற எண்ணம் இருக்குதுங்களா?"

"ஏன், வாடகைக்கு வரியா?"

"இல்லண்ணே. நீங்க மாடி எடுத்தா இந்தாண்ட வெயில் போயிடும். எடுக்கலன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா வாங்கிடுவேன்."

"எம் பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறேன். மாடி எடுக்காம முருங்க மரத்து மேலயா குடி வெப்பேன்?"

அம்மா, "அதுவும் நியாயந்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். வீடு போயிற்று.

"அக்கா, நீ வூடு பாக்கறியா, சூரியனுக்கு ஜாமீன் கேக்கறியா?" என்றார் பாய்.

"ஜாமீன் குடுக்க ஆள் இருந்தா கூட்டிக்கினு வாயேம்பா."

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம், உள்ளூர்க்காரர்களுக்கு இது கண்ணிலேயே படாது. ஆடியில் எங்கள் பக்கம் வீடு பேச மாட்டார்கள். புரட்டாசியில் சிலர் பேச மாட்டார்கள். மார்கழியில் ஒருவரும் பேச மாட்டார்கள். கோலம், பஜனை, வெண்பொங்கல் எல்லாம் உண்டு. வீடு மட்டும் இல்லை. அம்மா வெயில் தேடியதோ மார்கழிக்காக. அதே மார்கழியில் அவரும் வீடு பார்க்க மாட்டார். ஒரு வருடம் பாய் ஓடி வந்தார், விற்கிறவருக்கு அவசரம் என்று.

"மார்கழில அடுத்தவன் வாசல்ல போயி வூடு கேட்டுக்கினு நிக்கறதா? எங்க ஆளுங்க காறித் துப்புவாங்கப்பா."

"எனக்கு இன்னாக்கா மார்கழி? நான் ரம்ஜான்லயே ஆட்டோ ஓட்டறவன். உங்க சாமிதான் எனக்கும் சேத்து லீவு வுடுது."

அவர் கணக்கில் இது ஒரு மாத ஓய்வு, அவ்வளவுதான். அம்மா கணக்கிலும் அப்படித்தான். எல்லாரும் சேர்ந்து ஒரு மாதத்தை வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தோம்.

செவிலிமேட்டுப் பக்கம் அந்த வீடு வந்தது பங்குனியில். தெற்குப் பார்த்த வாசல். அதனாலேயே பலர் தள்ளியது, அதனாலேயே அம்மா கைக்கு எட்டியது. முன்னால் இடமே இல்லை, படியிறங்கினால் சாக்கடை மூடிய கல், அதைத் தாண்டினால் தெரு. பின்னால், வடக்கே, ஒரு தோட்டம். அகலம் அதிகம் இல்லை; ஒரு கொய்யா, ஒரு கறிவேப்பிலை, சுற்றி மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், நாலாவது பக்கம் வீடு. வாஸ்து பார்த்தவர் கைதட்டாத குறை. "வடக்கு காலியா இருக்குது பாருங்க. குபேரன் பக்கம். வாசல் தோஷத்த எல்லாம் அது அடிச்சுடும்."

அம்மா குபேரனை நம்பவில்லை, முதுகை நம்பினார். பங்குனியில் உட்கார்ந்தார், சித்திரையில் உட்கார்ந்தார், வைகாசியில் கடை விடுமுறை நாளில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்தார். துண்டு அப்பளம் போலக் காய்ந்தது. பக்கத்து வீட்டார் இருவரையும் கேட்டார். இரண்டு பேருக்கும் மாடி எடுக்கும் எண்ணம் இல்லை. ஆனியில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஆடி போகட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் பால் காய்ச்சினார்கள். நானும் போயிருந்தேன். தோட்டத்தில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு வெயில். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அந்த ஆவணியில் அவர்கள் இருவரையும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. காலையில் கணவரைத் தள்ளிக்கொண்டு வந்து கொய்யாவுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். தலையில் ஒரு துண்டு.

"நான் இன்னா வடாமா, காய வெக்கற?"

"வாய மூடிக்கினு காயி."

"திருப்பிப் போடு, ஒரு பக்கமே வேவுது."

என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். இறுகிய கை மடியில் கிடக்கும். அம்மாவின் கண் அதன் மேலேயே இருக்கும். இப்போது திறக்காவிட்டால் பரவாயில்லை, மார்கழியில் மூடாமல் இருந்தால் போதும் என்றார். இது கேட்டது.

புரட்டாசியில் வீட்டுச் சுவரோரம் தரை காயாமல் பாசி பிடித்தது. ஐப்பசியில் மழை; தாமல் ஏரியும் தென்னேரியும் நிரம்பி வழிந்த வருடம். வெயில் இல்லை என்பதை யார் கவனிப்பார்கள்? மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று இருந்தார்கள். தீபத்துக்கு மறுநாள்தான் வானம் திறந்தது. அன்று காலை தொலைபேசியில் அம்மா.

"சார், கொஞ்சம் வரீங்களா? வெயிலக் காணோம்."

மாட்டைக் காணோம் என்பது போலச் சொன்னார். போனேன். தெருவில் வெயில் பளீரென்று அடித்தது. வீட்டு வாசல் சுவர் தொட்டால் சுட்டது. வீட்டுக்குள் நுழைந்து பின்பக்கம் போனால் தோட்டம் முழுக்க நிழல். கொய்யா நிழலில், கறிவேப்பிலை நிழலில். பின்சுவரின் உச்சியில் மட்டும் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் சக்கர நாற்காலியில் அவர். அம்மா நாற்காலியை இங்கும் அங்கும் தள்ளிப் பார்த்த தடம் ஈர மண்ணில் வளைந்து வளைந்து கிடந்தது.

"மத்தியானம் வரும் இல்ல சார்? தலைக்கு மேல வந்தா வரும் இல்ல?"

சொல்லித்தான் ஆக வேண்டும். சூரியன் தெற்கே சாய்ந்துவிட்டது, மார்கழி முடியும் வரை சாய்ந்துதான் போகும், தலைக்கு மேல் வராது. தெற்கே நிற்கிற இந்த வீட்டின் நிழல்தான் தோட்டத்தை மூடுகிறது. தையில் திரும்பத் தொடங்கி மாசியில் இங்கே இறங்கும் என்றேன்.

அம்மா திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார்.

"எங்க வூடேவா மறைக்குது?"

"ஆமாம்மா."

"உத்தராயணம், தட்சிணாயனம்னு காலண்டர்ல வருசா வருசம் பாத்துக்கினுதான் இருக்கறேன் சார். அது சாமிக்குன்னு இருந்துட்டேன்." சுவரில் கை வைத்து ஒரு முறை தள்ளுவது போல அழுத்தினார். "பக்கத்து வூட்டுக்காரன்னா காலப் புடிச்சாவது கேக்கலாம், மாடி எடுக்காதப்பான்னு. என் வூட்ட நான் யாரக் கேக்கறது?"

நாற்காலியிலிருந்து அவர் கேட்டார்: "இன்னாம்மே, வெயில் எங்க?"

"வரும், இரு."

"நீ வாங்கின வெயிலு மழையில நமுத்துப் போச்சா?"

அவர் மட்டும் சிரித்தார்.

அந்த மார்கழியைப் பற்றி என்னிடம் இருக்கும் வரிகள் எல்லாம் குட்டையானவை. மொட்டை மாடிக்குக் கணவரை ஏற்றிப் பார்த்தார்கள். பாயும் இன்னும் இருவரும் நாற்காலியோடு தூக்கினார்கள். படி குறுகல், பாதியில் அவர் அலறியதில் இறக்கிவிட்டார்கள். கடையில் ஓரம் உடைந்த ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது, புடவையைத் தோளில் போட்டுப் பார்ப்பதற்கு வைத்திருந்தது. அதைக் கேட்டு வாங்கிவந்து பின்சுவரின் மேல் கட்டினார். அந்த விரற்கடை வெயிலைப் பிடித்துக் கீழே திருப்பினார். ஒரு துண்டு வெளிச்சம் கணவரின் மேல் விழுந்தது, உடனே நகர்ந்தது. முக்காலியில் ஏறி நின்று நாள் முழுக்கக் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"மூஞ்சில டார்ச் அடிக்காத. நான் இன்னா திருடனா?"

"கையக் காட்டு. கைய அங்க வை."

"அது எங்க நான் சொன்னா கேக்குது?"

கடைக்குப் போகாமல் எத்தனை நாள் நிற்க முடியும்? கண்ணாடி வெளிச்சத்தில் சூடு இல்லை என்பதையும் அம்மாவே சொன்னார். தன் முதுகை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். பொங்கலுக்குள் கை இறுகி, உள்ளே துணிச்சுருள் நுழையாமல் போனது. நகம் வெட்டக் கத்தரிக்கோல் நுழையவில்லை. புண்ணுக்கு மருந்து வைக்க விரல்களைப் பிரிக்கும்போது தெருவரை சத்தம் கேட்கும். வாசலுக்கு வா, வாசல் முழுக்க வெயில் கொட்டிக் கிடக்கிறது என்று கெஞ்சினார். மார்கழிக் காலையில் கோலம் போடுகிறவர்களும் பஜனைக்காரர்களும் போகிற தெரு. கணவர் சொன்னது ஒரே பதில்: "செத்தப்பறம்."

தை பிறந்ததும் அம்மா வீட்டை விற்க முடிவு செய்தார். தெற்கே தோட்டம் உள்ள வீடு வேண்டும், அடுத்த மார்கழிக்குள். பாய் ஆட்களை அழைத்து வந்தார். பங்குனியில் வந்தார்கள், சித்திரையில் வந்தார்கள். தோட்டம் ஜொலித்தது. ஒரு இளம் தம்பதி; ஐ.டி. வேலை, ஒரகடம் பக்கம். அந்தப் பெண் தோட்டத்தில் நின்று சொன்னாள்: "சூப்பரா சன்லைட் வருது இல்லம்மா? ரோஸ் வெக்கலாம்."

"வெக்கலாம்மா. ஆனா கார்த்திக, மார்கழி, தை முழுக்க இங்க வெயில் விழாது. நீ மார்கழில வந்து ஒரு நாள் உக்காந்து பாத்துட்டு வாங்கு."

தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போனார்கள். அடுத்து வந்தவர்களிடமும் அதுவேதான். பாய் என் வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"வாய மூடிக்கினு இருந்தா வித்துடும் சார். எவனும் இவங்கள மாதிரி வெயில எடை போட்டு வாங்கறது இல்ல. வண்டி நிறுத்த எடம் இருக்குதான்னுதான் கேக்கறான். நீங்களாவது சொல்லுங்க."

நான் சொன்னேன். அம்மா கேட்டார்: "அவங்க வூட்ல யார் படுத்துக்கினு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? தெரியாது இல்ல? எனக்கு வித்தவனுக்கும் தெரியாது." அந்த மாதமே வாசலில் ஒரு பலகை தொங்கியது. புடவைப் பெட்டி அட்டையில் நீல மையால் அவரே எழுதியது: வீடு விற்பனைக்கு. மார்கழியில் வந்து பார்க்கவும்.

அதைப் படம் பிடித்து யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, ஊர் முழுக்கச் சிரித்தது. எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். மார்கழியில் வீடு பார்க்க வரச் சொல்கிற ஒரே ஆள். பாய் பலகையைக் கழற்றி வைத்தால் அம்மா மறுபடி மாட்டுவார். ஆவணியில் தோட்டம் மறுபடி கொதித்தது. கணவர் அதைப் பார்த்து, "போன மார்கழிக்கு வர வேண்டியது, பஸ்ஸத் தவற வுட்டுட்டு இப்ப வருது" என்றார். கேலியின் குரல் மெலிந்திருந்தது. வீடு விற்கவில்லை. ஐப்பசி மழை வந்தது. பிறகு நிழல் இறங்கியது.

இரண்டாவது மார்கழியில் அம்மா கெஞ்சவில்லை. கடை விடுமுறை நாள் ஒன்றில், காலையில், முக்காலியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். படிக்கும் சாக்கடைக் கல்லுக்கும் நடுவில், தெருவுக்கு முதுகைக் காட்டி, வீட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கோலம் போட வந்த பக்கத்து வீட்டுப் பெண், "இன்னாக்கா, வூட்டோட சண்டையா?" என்று கேட்டாளாம். பஜனைக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே நடையில் நாற்காலியில் இருந்தபடி கணவர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் நகர நகர முக்காலியும் நகர்ந்தது. அன்று முற்பகல் நான் அந்தப் பக்கம் போனேன். தெருவிலிருந்து ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. யாருடையது என்று கிட்டப் போகும் வரை எனக்குத் தெரியவில்லை.

"எவனுக்காச்சும் எம் மூஞ்சி தெரியுதா, கையி தெரியுதா, கேட்டுப் பாரு சாரை" என்றார் அம்மா உள்ளே பார்த்து.

"தெரியலைங்க" என்றேன்.

முக்காலி இன்னொரு முறை நகர்ந்த பிறகு உள்ளிருந்து கணவர், "முதுகு சுடுதா?" என்று கேட்டார்.

"வந்து பாரு."

மறுநாள் காலை அவர் வந்தார். அந்த மார்கழியின் மிச்ச நாட்களில் நான் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்தத் தெரு வழியாகவே போனேன். சக்கர நாற்காலியின் பின்புறம், பழுப்புச் சால்வை, அதன் மேல் நரைத்த பின்னந்தலை, முழுக்க வெயில். அவருக்கு எதிரில், படியில், கடைக்குக் கிளம்பும் நேரம் வரை, முகம் தெருவைப் பார்க்க அம்மா. அவர் மடியில் கணவரின் இடது கை. நாற்காலி மறைத்ததால் கை தெரியாது. தெருக்காரர்கள் ஒருவரும் பேச்சுக் கொடுக்கவில்லை. முதலில் சங்கடம், பிறகு அது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. நானும் கிட்டப் போகவில்லை. அவர் திரும்பிப் பார்க்க முடியாதபடி உட்கார்ந்திருப்பதே நாங்கள் கிட்டப் போகாமல் இருப்பதற்காகத்தானே.

போகி அன்று காலை அம்மா என்னைத் தெருவிலேயே நிறுத்தினார். கண் சிவந்திருந்தது, தெருவில் பழைய கோரைப்பாய்களை எரித்த புகையாக இருக்கலாம். "தொறந்துச்சு சார். நேத்து. சுண்டு வெரலும் மோதிர வெரலும். என் வெரலப் புடிச்சுது."

மாசி தொடங்கிய வாரம் கணவர் இறந்துபோனார். வாசலில்தான் கிடத்தினார்கள், முகம் மேலே பார்க்க. வலது கையை நெஞ்சின் மேல் வைத்து, இடது கையை வேட்டிக்குள் மறைத்துக் கட்டியிருந்தார் அம்மா. அதை யாரும் அவிழ்த்துப் பார்க்கக் கேட்கவில்லை. பின்பக்கம் கை கழுவப் போனபோது தோட்டத்தைப் பார்த்தேன். வெயில் பின்சுவரிலிருந்து இறங்கிக் கொய்யாவின் வேர் வரை வந்திருந்தது. கண்டது.

அம்மா இப்போது தாமலில் தங்கை வீட்டில் இருக்கிறார். பட்டுக்கடை வேலை இல்லை. செவிலிமேட்டு வீட்டில் அந்த அட்டை மழையில் ஊறி உதிர, தகரத்தில் எழுதி மாட்டியிருக்கிறார்; வாசகம் அதேதான். பாய் மட்டும் ஒவ்வொரு மார்கழியிலும் ஒரு முறை வீட்டைத் திறந்து வைத்துவிட்டு ஆட்டோவில் உட்கார்ந்திருப்பார். இதுவரை யாரும் வரவில்லை.

போகி நாள் பக்கத்தில் விரல்கள் திறந்த செய்தியை எழுதி, அதன் எதிரே 'கேட்டது' என்று போட்டிருக்கிறேன். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காத எதையும் சொன்னதில்லை அந்த அம்மா. அதே சமயம், அவர் அந்த வருடங்களில் வேண்டிக்கொண்டதும் அது ஒன்றைத்தான். படியில் அவரும், எதிரில் அவர் கணவரும் தவிர அந்தக் கையை வேறு யாரும் பார்க்கவில்லை. இதைச் சரிபார்க்க எனக்கு வழி கிடைக்கவில்லை. தெருவிலிருந்து எனக்குத் தெரிந்தது வெயில் பட்ட ஒரு முதுகுதான்.